இரண்டாவது இருக்கை

கப்பல்காரர் என்ற பேரை நான் முதன்முதலில் கேட்டது, என் தங்கை மகளுக்கு வரன் பார்த்த நாளில். "பையன் லிப்ட் மெக்கானிக். ஆனா கூட்டாளிங்க எல்லாம் கப்பல்காரர்னுதான் கூப்பிடுவாங்க. லீவு நாள்ல கப்பல் வரைவாராம்" என்றார் தரகர். கப்பல் என்றதும் தங்கை வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. துறைமுகம் வரைக்கும் போய் விசாரித்துவிட்டு வந்தார். அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. தெரிந்திருக்க நியாயமும் இல்லை. மாப்பிள்ளையின் கப்பல்கள் தண்ணீரில் போகிறவை அல்ல. நட்சத்திரம் விட்டு நட்சத்திரம் போகிறவை, அதுவும் கட்டம் போட்ட தாளில்.

ஞாயிறு மத்தியானம் நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு வேஷம் கட்டிப் பேசுவார்கள். நினைத்தது நடக்குமா என்பதைப் பகடை சொல்லும். அந்தக் கதையில் ஊருக்கு ஊர் அத்தனை தூரம், போன் எட்டாது. கடுதாசியும் மருந்தும் சின்ன விண்கப்பலில்தான் போய்ச் சேர வேண்டும். அந்தத் தபால் கப்பல்களுக்குப் படம் போடுவது மாப்பிள்ளையின் பொறுப்பு.

வெளிக்கூடு எல்லாவற்றுக்கும் ஒன்றே. உள்ளேதான் மாறும். ஒன்றில் எரிபொருள் அதிகம், ஒன்றில் சரக்கறை பெரிது, ஒன்றில் கள்ளச் சாமான் ஒளிக்க ஒரு பொய்ச்சுவர். எனக்குப் படிப்பு கொஞ்சம்தான். ஆனால் எங்கள் வம்சத்தில் யாருக்கு யார் என்ன முறை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கப்பல்களையும் அப்படித்தான் அடையாளம் வைத்திருக்கிறேன். "இது அந்த வேகக் கப்பலுக்குச் சித்தப்பா பையன்தானே? மூக்கு அதேதான்" என்பேன். "மூக்கு மட்டும்தான் அத்தை. வயிறு தாய்மாமன் பக்கம்" என்பார், சிரிக்காமல்.

படுக்கை வரைவதற்கு முன்னால் நடைவழியில் இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே மடங்கிப் படுத்துப் பார்ப்பார். கேஸ் கொண்டுவந்த ஆள் ஒருநாள் சிலிண்டரோடு அவரைத் தாண்டிப் போனான். "உடம்புக்கு என்னங்க?" என்று அவன் கேட்க, "ஒண்ணுமில்ல, கால் நீட்ட முடியுதான்னு பாக்குறேன்" என்றார். புதிதாக ஒரு அலமாரி வாங்கலாம் என்று கல்யாணமாகி வந்த என் தங்கை மகள் சொன்னால், "ஒண்ணு வைக்கணும்னா ஒண்ண எடுக்கணும். எதை எடுக்கிற?" என்பார். "உங்களை" என்பாள் அவள்.

அவளுக்கு ஆஸ்பத்திரியில் ராத்திரி வேலை. இவர் வீட்டுக்கு வரும்போது அவள் கிளம்புவாள். செருப்பு மாட்டுகிற இடத்தில்தான் இருவரும் குடும்பம் நடத்துகிறார்கள். ஞாயிறு மத்தியானம் மட்டும் ஒரே மேசை. கதையில் அவள் கப்பலோட்டி, இவர் இஞ்சின் பார்க்கிறவர். ஆனால் வேகத்துக்காக மாப்பிள்ளை எதையாவது கழற்றி வைத்துவிட, கப்பல் நடுவழியில் கவிழ்வதே வழக்கமாகிவிட்டது. போன வாரம் அவள் சொன்னாள்: "அடுத்ததும் கவுந்துச்சுன்னா என்னை ஆட்டத்துக்குக் கூப்பிடாதீங்க. நான் பாட்டுக்குத் தூங்குறேன்."

மாப்பிள்ளைக்கு ஆடிப்போய்விட்டது. அடுத்த ஞாயிற்றுக்கு நோய் கண்ட ஒரு ஊருக்கு மருந்து கொண்டுபோக வேண்டும். ராப்பகலாக அழித்தார், போட்டார். கடைசியில், கவிழாத, நேரத்துக்குப் போய்ச் சேருகிற கப்பல் ஒன்று அமைந்துவிட்டது. இன்று ஞாயிறு காலை அதை அவள் முன்னால் வைத்துவிட்டு, பரீட்சைத் தாளைக் கொடுத்த பிள்ளை மாதிரி நின்றார்.

அவள் விரலை வைத்து மூக்கிலிருந்து வால் வரைக்கும் தேடினாள்.

"உக்கார ஒரு சீட்டுதான் இருக்கு."

"உனக்குத்தான். நீதானே ஓட்டப் போற."

"நீங்க?"

"நான் வெறும் பாரம். என்னையும் என் படுக்கையையும் எடுத்ததாலதான் இந்த வேகமே வந்துச்சு."

"வாரத்துல ஒரு மத்தியானம்தான் ஒண்ணா உக்கார்றோம். அதுலயும் என்னைத் தனியா அனுப்பப் பாக்குறீங்களா?"

கப்பலில் எல்லாவற்றையும் யோசித்த மனிதர் இதை யோசிக்கவில்லை. அவர்களைப் பார்க்க வந்திருந்த நான் சும்மா இருந்திருக்கலாம். "படுக்கை ஒண்ணு போதுமே. ஒருத்தர் தூங்கும்போது இன்னொருத்தர் முழிச்சிருந்தா இடம் மிச்சம்தானே" என்றேன்.

"பெரியம்மா, அந்தக் கூத்தைத்தான் வீட்ல பண்ணிட்டிருக்கோம்" என்றாள் அவள்.

மருந்தைக் குறைக்க முடியாது. எரிபொருளைத் தொட முடியாது. அவள் விரல் கப்பலின் மூக்கில் வரைந்திருந்த பீரங்கியில் போய் நின்றது.

"அது இல்லாம எப்படி? வழியில கொள்ளைக்காரன் வந்தா?"

"வந்தா ரெண்டு பேரும் சேந்து பேசிப் பாப்போம்."

இதை நான் சொல்லிக்கொண்டிருக்கும்போது மாப்பிள்ளை சாப்பாட்டு மேசையில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். பீரங்கியை அழித்தாயிற்று. தாளில் கிடக்கும் ரப்பர் தூளை ஊதித் தள்ளிவிட்டு, கப்பலோட்டியின் இருக்கையை ஒட்டி இன்னொரு கட்டம் போடுகிறார்.