"நாங்கள் சைவம்" என்று டொக்டரிடம் சொன்னேன்

2003ஆம் ஆண்டு மாசி மாதம். கிழக்கு லண்டனில், மனோர் பார்க்கில் குடியிருந்தோம். ஒரு சனிக்கிழமை காலை தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்த என் பதின்மூன்று வயது மகள் திடீரென்று கதிரையோடு சரிந்து விழுந்தாள். வலது கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. வாயில் நுரை. நான் அவளைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு கத்தினேன். கணவர்தான் ஆம்புலன்சை அழைத்தார்.

ஆஸ்பத்திரியில் ஸ்கான் எடுத்தார்கள். மூளையின் இடது பக்கத்தில் கடலையளவு ஒரு கட்டி. காசநோய்க் கட்டியாக இருக்கலாம், பன்றி நாடாப்புழுவின் முட்டையால் வரும் நீர்க்கட்டியாக இருக்கலாம், அதைவிட மோசமான ஒன்றாகவும் இருக்கலாம் என்றார் டொக்டர். நரைத்த தலையும் மெதுவான பேச்சுமாக ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. படத்தில் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியுமாம், ஆனால் மருந்து வேறு வேறாம்.

எனக்கும் கணவருக்கும் ஆங்கிலம் மட்டுமட்டு. அதனால் ஆஸ்பத்திரியே ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரை ஒழுங்கு செய்தது. உள்ளே வந்தவரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வெள்ளிக்கிழமைகளில் கோயிலில் எனக்குப் பக்கத்தில் நின்று தேவாரம் படிக்கிற பெண் அவர்.

"அக்கா, வீட்டில ஆராவது பண்டி இறைச்சி சாப்பிடுறனீங்களோ எண்டு டொக்டர் கேக்கிறா. முந்தி எப்பவாவது சாப்பிட்டிருந்தாலும் சொல்லட்டாம்."

"ஐயோ, நாங்கள் சைவம். முட்டைகூட வீட்டுக்குள்ள எடுக்கிறேல்லை" என்றேன். பக்கத்தில் கணவர் பெருமையாகத் தலையாட்டினார். கட்டிலில் கிடந்த மகள் என்னைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

நான் சொன்னது பச்சைப் பொய். அது அவளுக்கும் தெரியும்.

கணவர் முன்னரே லண்டன் வந்துவிட்டார். நானும் மகளும் அதற்கு மூன்று வருடங்களுக்கு முன், ஆட்களைக் களவாக எல்லை தாண்டவைக்கும் ஒரு ஏஜென்சிக்காரனை நம்பி ஊரிலிருந்து புறப்பட்டு, உக்ரைனில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்குள் ஆறு மாதம் அடைபட்டுக் கிடந்தோம். பதினெட்டுப் பேருக்குச் சமைக்க ஒரு குசினி. வாரம் ஒருமுறை ஒருவன் பன்றி இறைச்சியும் கொஞ்சம் பாண் ரொட்டியும் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போவான். முதலில் மகளுக்குப் பாணைத் தண்ணீரில் தோய்த்துக் கொடுத்தேன். ஐந்தாம் நாள் பாணும் முடிந்து, அவள் எழும்ப முடியாமல் கிடந்தாள். கண்ணை மூடிக்கொண்டு, அரைகுறையாய் வெந்த அந்த இறைச்சியைப் பிய்த்து அவளுக்கு ஊட்டினேன். நானும் சாப்பிட்டேன். அதன்பின் ஆறு மாதமும் அதுதான்.

லண்டனில் வந்திறங்கிய அன்றே "அப்பாட்டை இதைச் சொல்லக்கூடாது" என்று பிள்ளையிடம் சத்தியம் வாங்கினேன். கணவரின் குடும்பம் பரம்பரையாகச் சைவ தீட்சை எடுத்து, மச்சம் மாமிசம் தொடாத குடும்பம். விஷயம் வெளியே வந்தால் என்னை யார் மதிப்பார்கள் என்ற பயம். பிறகு என் மலத்தில் வெள்ளை நாடாத் துண்டுபோல ஏதோ இரண்டு மூன்று தடவை கண்டேன். அதையும் ஒருவருக்கும் சொல்லவில்லை. மானம் பெரிதாகத் தெரிந்த காலம் அது.

காசநோய்ப் பரிசோதனையில் ஒன்றும் தெளிவாகத் தெரியவில்லை. இனி மண்டையோட்டில் துளையிட்டு ஒரு துண்டு எடுத்துப் பார்ப்பதுதான் வழி என்று முடிவானது. ஆபத்து குறைவுதான், ஆனால் இல்லையென்று சொல்ல மாட்டேன் என்றார் டொக்டர். அதே மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில் நிற்க, சம்மதப் படிவத்தைக் கணவரிடம் நீட்டினார். அவர் பேனாவைத் திறந்தார்.

அந்த நேரம் மகளைப் பார்த்தேன். ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை சொன்னால் அவள் தப்பிக்கலாம். டொக்டர் பக்கத்திலேயே நிற்கிறார். ஆனாலும் எனக்குச் செய்துகொடுத்த சத்தியத்துக்காக உதட்டைக் கடித்துக்கொண்டு கிடக்கிறாள். தன் தலையைத் துளைக்கப் போகிறார்கள் என்று தெரிந்தும் என் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாள். எனக்கு என்மேலேயே அருவருப்பு வந்தது.

தமிழில் சொல்ல வாய் வரவில்லை. தமிழில் சொன்னால் அது மொழிபெயர்ப்பாளருக்குச் சொன்னதாகிவிடும், கணவருக்குச் சொன்னதாகிவிடும். டொக்டரின் கையைப் பிடித்து இழுத்து, தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன்.

"டொக்டர், ஐ ஈட் பிக். சிக்ஸ் மன்த். உக்ரைன்."

"மீ டூ" என்றாள் மகள். பிறகு தேம்பித் தேம்பி அழுதாள்.

நாடாத் துண்டைப் பற்றியும் கையால் காட்டி, அரைகுறை ஆங்கிலத்தில் சொல்லி முடித்தேன். கணவரின் பேனா படிவத்தின் மேலேயே நின்றது. டொக்டர் என்னை ஏளனமாகப் பார்ப்பார் என்று நினைத்தேன். அவரோ என் தோளைப் பிடித்துக்கொண்டு மூன்று தடவை நன்றி சொன்னார். துளையிடுவதைத் தள்ளிவைத்து, மகளின் இரத்தத்தையும் என் மலத்தையும் பரிசோதனைக்கு அனுப்பினார்.

வெளியே நடைபாதையில் மொழிபெயர்ப்பாளர் என்னிடம் வந்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். "அக்கா, நானும் அந்த வழியாலதான் வந்தனான். என்ன இறைச்சி எண்டு கேட்டுக் கேட்டோ சாப்பிட்டனாங்கள்?" என்று என் கையை அழுத்திவிட்டுப் போனார்.

அன்று கணவர் என்னைக் காரில் வீட்டுக்குக் கூட்டிவந்தார். வாசலில் காரை நிறுத்திவிட்டுத்தான் பேசினார். "பிள்ளையைச் சாகவிடாமல் கொண்டுவந்து சேர்த்தனீர். அதுக்கு நான் உம்மைக் கோவிப்பன் எண்டு நீர் நினைச்சதுதான் எனக்குக் கவலை." இவ்வளவு காலமும் அந்த மனிதரை நான் தப்பாகக் கணக்குப் போட்டிருந்தேன்.

பரிசோதனை முடிவு வந்தது: மகளுக்கு நாடாப்புழு முட்டையால் வந்த நீர்க்கட்டிதான், புழு என் குடலில்தான் இருந்தது. இறைச்சியால் புழு எனக்கு வந்தது. அதன் முட்டை என் கையால் மகளுக்குப் போயிருக்கிறது. கழிவறையில் தண்ணீரால் கழுவிச் சுத்தமாக இருக்கிறோம் என்ற பெருமை எனக்கு. சவர்க்காரம் தேடியதில்லை. அதே கையால் சோறு குழைத்து, பதின்மூன்று வயதிலும் அவளுக்குத் தீத்திவிட்டிருக்கிறேன். இதைக் கேட்டபோது சுவரில் தலையை மோதவேண்டும்போல இருந்தது. "ஊட்டுவதை விடவேண்டாம், சவர்க்காரம் போட்டுக் கழுவினால் போதும்" என்றார் டொக்டர்.

எனக்கு ஒரே ஒரு நாள் மருந்து. மகளுக்குச் சில வாரம் ஆஸ்பத்திரி மருந்தும், இரண்டு வருடம் வலிப்புக் குளிசையும். வலிப்பு திரும்ப வரவேயில்லை. அந்த இரண்டு வருடமும் நீச்சல் குளத்தில் இறங்கக்கூடாது என்று தடை. பள்ளிக்கூடத்து நீச்சல் குழுவில் இருந்தவளுக்கு அதுதான் பெரிய தண்டனையாக இருந்தது.

கடைசி ஸ்கானில் கட்டி இருந்த இடமே தெரியவில்லை. குளிசையைக் குறைத்து நிறுத்தி, இனி இறங்கலாம் என்று டொக்டர் எழுதிக் கொடுத்ததும் கணவர் வேலைக்கு லீவு போட்டார். மூன்று பேரும் குளத்துக்குப் போனோம். பாய்ந்தவள் நிறுத்தாமல் இருபது தடவை இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் நீந்தினாள். பார்வையாளர் வாங்கில் ஏறி நின்று நான் போட்ட சத்தத்தில் காவலாளி இரண்டு தரம் வந்து, கீழே இருக்கச் சொல்லி எச்சரித்தார். இருக்கச் சொன்னால் இருக்கிற ஆளா நான் அன்றைக்கு?

இப்போது கோயிலில் புதிதாக வந்த தாய்மாரைக் கண்டால் இந்தக் கதையை நானே வலியப் போய்ச் சொல்கிறேன். சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். ஊர் என்ன சொல்லும் என்று அன்றைக்கும் நான் வாயை மூடியிருந்தால், என் பிள்ளையின் தலையைத் துளைக்கக் கொடுத்துத்தான் என் மானத்தைக் காப்பாற்றியிருப்பேன்.