கணக்குச் சொன்ன ஞாயிறு

இரண்டே இரண்டு எண்களை ஒரு சாயங்காலம் மண்டையில் வைத்துக்கொள்ளத் துப்பில்லாத முட்டாள் நான். அது தெரிந்தும் அந்த வேலையைக் கேட்டு வாங்கினேன்.

புதுச்சேரி உப்பளம் மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் பெத்தாங் என்ற பிரெஞ்சுக் குண்டாட்டம் ஆடுவோம். சின்ன மரக்குண்டை வீசிவிட்டு, அதன் பக்கத்தில் போய் நிற்கும்படி இரும்புக் குண்டுகளை எறிய வேண்டும். முதலில் பதின்மூன்று புள்ளி எடுப்பவருக்கு வெற்றி. காகிதம், பேனா கிடையாது. கணக்குச் சொல்ல ஓர் ஆளை நிறுத்துவோம். அவர் வாயில் வருவதுதான் தீர்ப்பு. ஆடுகிறவர் எதிர்த்துப் பேசக் கூடாது.

அன்று அரையிறுதி. ஒரு பக்கம் என் மனைவியின் அண்ணன், மறுபக்கம் ஒரு கிளார்க். மச்சான் பதினோரு வருஷமாக இறுதி ஆட்டத்தை வேடிக்கை மட்டும் பார்த்தவர். அன்றைக்கு அவர் பன்னிரண்டு, கிளார்க் ஒன்பது. இன்னும் ஒரு புள்ளிதான்.

"பன்னெண்டு, ஒம்போது" என்று முணுமுணுத்துக்கொண்டு நின்றேன். டீக்கடையில் பாட்டு அலறியது, ஒன்றும் ஆகவில்லை. பக்கத்தில் இரண்டு பேர் ஏதோ கல்யாணச் சாப்பாட்டைத் திட்டினார்கள். அதுவும் காதோடு போயிற்று. வெறும் சத்தத்தை என் மண்டை வாசலிலேயே நிறுத்திவிடும். கேள்வி கேட்டவரைத்தான் உள்ளே கூப்பிட்டு நாற்காலி போடும்.

வேடிக்கை பார்க்க வந்தவர் ஒருவர் என்னிடம் திரும்பினார். "ஏங்க, காலாப்பட்டுக்குக் காலைல பஸ்ஸு எப்பப்ப கீது? பொண்ணுக்கு அட்மிஷன்."

கேட்டவருக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியுமா? நன்றாக யோசித்தேன். "எட்டுக்கு ஒண்ணு போவுது. அத்த வுட்டா பத்துக்குதான்."

அடுத்த சுற்றுக்கு முன்னால் கிளார்க் கேட்டார்: "கணக்கு சொல்லுங்க சார்."

"எட்டு, பத்து" என்றேன், கணீரென்று.

மச்சான் என்னையே பார்த்தார். வாயைத் திறந்தார்.

"சொல்லிட்டாரு இல்ல, ஆடுப்பா" என்றார் கிளார்க். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. நல்ல கிளார்க்.

அந்தச் சுற்றில் மச்சான் அழகாக ஒரு புள்ளி எடுத்தார். நானும் நியாயமாக அதைக் கூட்டி "ஒம்போது, பத்து" என்றேன். அதற்கடுத்த சுற்றில் கிளார்க் மூன்று புள்ளி எடுத்தார். ஆட்டம் முடிந்தது.

பன்னிரண்டும் ஒன்பதும் எனக்கு நினைவு வந்தபோது, எல்லோரும் கிளார்க்குக்குக் கைகொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

லாஸ்பேட்டைக்குத் திரும்ப மச்சானின் ஸ்கூட்டர்தான். அவர் குண்டுப் பையை முன்னால் வைத்து வண்டியைக் கிளப்பினார். நான் பின்சீட்டில் கை வைத்தேன்.

"மச்சான், மனுஷன் வந்து கேக்கறாரு. பதில் சொல்லலன்னா திமிரு புடிச்சவன்னு நெனைக்க மாட்டாரா?"

"நீங்க நடந்து வாங்க மாப்ள."