காந்தம் போன ரோடு

எனக்கு எழுத்துச் சரியாக வராது, பாதி மறந்தும் போகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

காரைக்கால் போகும் பஸ் நடுவழியில் நிற்கிறது. முன்னால் ரோடு அகலத்துக்கு ஒரு டிரெய்லர். அதற்கும் முன்னால் பாதி ரோட்டில் நெல் காய்கிறது.

டிரெய்லரோடு வந்த என்ஜினியர் நெல்லுக்குச் சொந்தக்கார அம்மாவிடம் கெஞ்சுகிறார். எங்கேயோ புரோட்டானை ஓட்டும் பழைய மிஷினைப் பெரிதாக்குகிறார்களாம். பெட்டியில் இருப்பது அதற்கான காந்தமாம். வண்டி ரோட்டை விட்டு இறங்கிக் குலுங்கினால் கெட்டுவிடுமாம்.

"அந்தப் புரோட்டான் எவ்வளவு பெருசு தம்பி?"

"கண்ணுக்கே தெரியாதும்மா."

"தெரியாததுக்கா இந்தத் தேரு? இன்னைக்குக் காயலேன்னா ஈரம்னு கொள்முதல்ல திருப்பிடுவாங்க. அள்ளினா நீங்களே திரும்பக் காயப்போடுவீங்களா?"

"போடுறேம்மா."

"அப்போ பூட்ஸைக் கழட்டிட்டு நெல்லுல காலை வைங்க."

கழற்றுகிறார். பஸ்ஸிலிருந்து நாங்களும் இறங்கி நெல்லை ஓரமாகத் தள்ளுகிறோம். டிரெய்லர் ஊர்ந்து தாண்டுகிறது. அவர் ஏறிக்கொள்ளவில்லை. காலால் கோடு கோடாக நெல்லைப் பரப்பிவிட்டு, பூட்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு வண்டியின் பின்னால் ஓடுகிறார். அந்த அம்மா வானத்தைப் பார்க்கிறார். வெயில் இன்னும் இருக்கிறது.

புரோட்டான், காந்தம் என்று என்ஜினியர் சொன்னதைச் சரியாக எழுதியிருக்கிறேனா என்று தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிடுங்கள். நெல்லைப் பற்றி எழுதியது சரியாகத்தான் இருக்கும்.