பத்து மணிப் படுதா

அடுப்பில் காபி பொங்கி ஒரு சொட்டாவது வழிந்து கருக வேண்டும். அந்த வாசனை மூக்கில் ஏறினால்தான் எவந்தியாவுக்கு அன்றைய வேலை ஓடும். ஒரு கையில் கோப்பை, மறு கையில் தூரிகைக் கற்றை என்று ஐந்தாம் மாடிப் பால்கனிக்கு வருவார். இடது கட்டைவிரல் நகத்தில் வெள்ளைச் சாயத்தைத் துளி தடவி வெளிச்சத்தில் நீட்டிப் பார்ப்பார். "என்ன, இன்னிக்கு ஒரு மாதிரி நீலம் பாரிச்சுக் கிடக்கே? உடம்பு சரியில்லையா?" என்று அதை விசாரிப்பார். சரியாகப் பத்து மணிக்குத் தெருவுக்கு அந்தப் பக்கம், எதிர்க்கட்டடத்தின் ஐந்தாம் மாடியில், ஓர் இரும்புக் கைப்பிடி கிரீச் கிரீச்சென்று சுழலும். வெளுத்துப்போன ஆரஞ்சு நிற வெயில் படுதா ஒன்று மெதுவாக இறங்கி அந்த வீட்டை மூடும். இவர் ஒரு வாய் காபி குடித்துவிட்டு அந்தப் படுதாவை வரையத் தொடங்குவார். முப்பத்தைந்து வருஷமாக இதில் மாற்றம் கிடையாது, பாதி வேலையில் தூரிகையைக் காபிக்குள் முக்கிவிட்டுத் தன்னையே திட்டிக்கொள்வது உட்பட.

எழுபது வயது. ஒல்லியான உடம்பு, ஆண்பிள்ளைச் செருப்பு, மூக்குக்கண்ணாடியில் எப்போதும் ஒரு சாயப் பொட்டு. ஏதென்ஸில் எங்கள் கிப்ஸேலிப் பக்கம் வந்து "டீச்சர் வீடு எது?" என்று கேட்டால் போதும், முனையில் பெட்டிக்கடை வைத்திருக்கும் மெனெலாஸ் கையைக் காட்டிவிடுவார். பெயர் கேட்க மாட்டார்.

டீச்சரிடம் ஒரு பிடிவாதம் உண்டு. எதையும் நகர்த்த மாட்டார். "இருக்கிறது இருக்கிறபடி. அதை நகர்த்த நான் யாரு?" என்பார். ஒரு தடவை சமையலறை மேஜையிலிருந்து எலுமிச்சம்பழம் ஒன்று உருண்டு சுவரோரமாகப் போய் நின்றது. அது அங்கேயே காய்ந்து கொட்டைப் பாக்கு அளவுக்குச் சுருங்கும்வரை கிடந்தது. சாப்பாட்டுக் கடைக்குப் போனால் உப்பு டப்பா எட்டாத இடத்தில் இருந்தாலும் எழுந்துபோய்ப் போட்டுக்கொண்டு வருவாரே தவிர, இழுக்க மாட்டார். ஓவியப் பள்ளி நுழைவுத் தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யும் மாலை வகுப்பில் ஒரு பெண், ஜாடியின் காது சரியாகத் தெரியவில்லையென்று லேசாகத் திருப்பிவிட்டாள். அன்றைக்கு வகுப்பே முடிந்தது. "அது உனக்கு முகம் காட்டலைன்னா நீ அதோட முதுகை வரையேன்டி. யாரு வேண்டாங்கறா?"

பிறந்தது வடக்கே செரேஸில், ஒரு தையல்காரர் வீட்டில். பதினெட்டு வயதில் ஏதென்ஸ் ஓவியப் பள்ளி, பிறகு உதவித்தொகையில் மூன்று வருஷம் பாரிஸ். அங்கே என்ன கற்றீர்கள் என்று பத்திரிகைக்காரர்கள் கேட்டால், "குளிர்ல எப்படி நிக்கறதுன்னு" என்பதோடு சரி. திரும்பி வந்த காலத்தில் படம் வாங்குகிறவர்களுக்கெல்லாம் தீவு வேண்டும், வெள்ளைச் சுவர் வேண்டும், நீலக் கடல் வேண்டும். இவரோ கைகழுவும் தொட்டியையும் சிமெண்டுச் சுவரையும் தூக்கிக்கொண்டு போய் நிற்பார். கண்காட்சிக் கூடத்துக்காரர் ஒருவர் நொந்துபோய், "எவந்தியா, இதுல கடல் எங்கேம்மா?" என்றாராம். "முனையில பஸ் நிக்குது. ஏறினா முக்கால் மணியில கடல்" என்று பதில் வந்ததாம்.

முதல் தனிக் கண்காட்சி முப்பத்தேழு வயதில். எல்லாம் எங்கள் தெருப் படுதாக்கள். ஒரே ஒரு படம் விற்றது. வாங்கியவர் கண் டாக்டர். "கண்ணு நல்லா இருக்கற ஒருத்தன்கூட அகப்படலையா டீச்சர்?" என்று மெனெலாஸ் அந்த வருஷம் முழுக்கக் கேட்டுச் சிரித்தார். பிறகு நாட்டுக்குக் கஷ்ட காலம் வந்து, கடைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டபோது, அந்த மூடிய படுதாக்களின் முன்னால் ஜனங்கள் நின்று பார்க்க ஆரம்பித்தார்கள். மூடுண்ட வீடு, மூடுண்ட தேசம் என்று என்னென்னவோ எழுதினார்கள். அந்தக் கட்டுரைகளை விரித்துப்போட்டு அவற்றின்மேல் டீச்சர் கத்திரிக்காய் நறுக்கினார். இந்த இலையுதிர் காலத்தில் நகராட்சிக் கூடத்தில் அவருடைய வாழ்நாள் வேலையைக் காட்டப் போகிறார்கள். அதில் அந்த ஒரே ஆரஞ்சுப் படுதா மட்டும் நாற்பத்தொரு படம்.

மூன்று சாயமும் வெள்ளையும் தவிர வேறு தொடுவதில்லை. வெயிலில் படுதா வருஷா வருஷம் வெளுப்பதால் ஒவ்வொரு கோடையிலும் அந்த ஆரஞ்சைப் புதிதாகத்தான் குழைக்க வேண்டும். மெல்லியதாகப் பூசுவார், பிடிக்காவிட்டால் பிளேடால் சுரண்டுவார், மறுபடி பூசுவார். பதினொன்றரைக்கு வெயில் பால்கனிக் கம்பியைத் தாண்டியதும் பாதிக் கோட்டில் கை நின்றுவிடும். போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்து முடிக்கலாமே என்றால் கோபம் வரும். "போட்டோ ஒரு கண்ணை மூடிக்கிட்டுப் பார்க்கிறது. எனக்குக் கடவுள் ரெண்டு குடுத்திருக்காரே."

இவ்வளவும் ஊருக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாத ஒன்று உண்டு. எவந்தியா வரைய ஆசைப்பட்டது அந்தப் படுதாவையே இல்லை.

இந்த வீட்டுக்குக் குடிவந்த முதல் வாரம். அந்தக் காலத்துக் கிப்ஸேலியை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு இளகுகிறது. பால்கனிக்குப் பால்கனி எண்ணெய் டின்னில் துளசி வைத்திருப்பார்கள். ஒரே ரேடியோவைத் தெருவே கேட்கும். மேலே மின்கம்பியைப் பிடித்து ஓடும் டிராலி பஸ்ஸின் கொம்பு கம்பியை விட்டு நழுவினால், டிரைவர் இறங்கி மாட்டும்வரை அத்தனை பால்கனியிலிருந்தும் யோசனை சொல்வார்கள். அப்படி ஒரு காலையில்தான் எவந்தியா எதிர்வீட்டைப் பார்த்தார். படுதா மேலே சுருட்டியிருந்தது. உள்ளே மஞ்சள் சுவர். அதன் முன்னால் ஒரு பெண் துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். பத்து மணி வெயில் நேராக அந்த அறைக்குள் இறங்கி, தேய்த்து மடித்த சட்டைகளில் பட்டு, கூரை வரைக்கும் எழும்பி நின்றது. அதைப் பார்த்ததும் தன் வாழ்க்கையின் படம் இதுதான் என்று அவருக்குப் பட்டது. மறுநாளும் பார்த்தார். மூன்றாம் நாள் கட்டடம் முழுவதையும் கரிக்கோட்டில் போட்டார். சுற்றியுள்ள வீடுகளின் படுதாக்களையெல்லாம் வரைந்து, நடுவில் அந்த அறைக்கு மட்டும் இடம் விட்டு வைத்தார்.

நாலாம் நாள் பத்து மணிக்கு அந்தப் படுதா இறங்கியது. ஐந்தாம் நாளும் இறங்கியது. வெயில் ஆகாத குடும்பம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். எதிர்வீட்டுக் கதவைத் தட்டி, "கொஞ்சம் தூக்கி விடுங்களேன்" என்று கேட்டிருக்கலாம். எப்படிக் கேட்பார்? இருக்கிறது இருக்கிறபடி. ஆகவே படுதாவை வரைந்தார். ஒவ்வொரு படத்திலும் அந்த ஆரஞ்சுக்கு அடியில் கொஞ்சம் மஞ்சள் பூசியிருப்பார். ஏனென்று கேட்டவர்களுக்குப் பதில் சொன்னதில்லை.

இந்த மே மாதக் கடைசியில் ஒரு மத்தியானம் வாசல் மணி அடித்தது. கதவைத் திறந்தால் எதிர்வீட்டு அந்தூலா. எழுபத்தெட்டு வயது, டிராலி பஸ் டிரைவர் ப்ரோத்ரமோஸின் விதவை. இத்தனை வருஷமும் பால்கனிக்குப் பால்கனி கையசைப்பு, சந்தையில் பார்த்தால் ஒரு குசலம், அவ்வளவுதான் பழக்கம்; கூப்பிடுவதும் 'கிரீயா', அதாவது திருமதி, என்ற மரியாதையோடுதான். கையில் தட்டு, தட்டில் நாரத்தைத் தோல் பாகு.

"கிரீயா அந்தூலா! இப்படி மூச்சு வாங்குதே, லிப்ட் ஓடலையா?"

"ஓடுது. லிப்ட்ல வந்தா மன்னிப்புக் கேக்க வந்த மாதிரியா இருக்கும்? அதான் ஏறி வந்தேன்."

"மன்னிப்பா? எதுக்கு?"

அந்தூலா நாற்காலியில் உட்கார்ந்தார். "படுதாவை எடுக்கறாங்க, என் தங்கமே. வர்ற வியாழக்கிழமை. கட்டடம் முழுக்க எல்லாத்தையும் எடுத்துட்டு ஒரே மாதிரி சாம்பல் கலர்ல போடப் போறாங்களாம். குடியிருக்கறவங்க கூட்டத்துல நான் ஒருத்தி மட்டும் முடியாதுன்னேன். மூணாம் மாடிப் பல் டாக்டர் 'என்ன பாட்டி, ஒரு கிழிஞ்ச துணிக்கா இவ்வளவு?'ங்கறான். துணியாடா அது, எதிர்ல ஒரு பொம்பளை அதை வச்சுத்தான்டா பொழைக்கறான்னு கத்தினேன். கேக்கலை. என்னால முடிஞ்சது அவ்வளவுதான், கண்ணு."

எவந்தியாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "எனக்காகவா சண்டை போட்டீங்க?"

"பின்னே? நீ வந்த புதுசுல மெனெலாஸ்தான் சொன்னான். உன் படத்தைக் கடையில விரிச்சு வச்சுப் பார்த்தியாம். எல்லா வீட்டுப் படுதாவும் இருக்கு, உங்க வீட்டு இடம் மட்டும் காலியா விட்டிருக்கு, பாவம், நீங்க இறக்கறதுக்காகக் காத்துக்கிட்டு இருக்காங்கன்னான். எங்க வீட்டுக்காரருக்கு வெட்கமாப் போச்சு. பாரிஸ்ல படிச்ச பொண்ணு, நம்மளால வேலை நிக்குதேன்னு. அன்னையிலேர்ந்து பத்து மணிக்கு இறக்கிடுவோம். வெயில், மழை, பனி, எதுவானாலும்."

"உள்ளே இருட்டா இருக்குமே?"

"இருட்டுத்தான். லைட் போட்டுக்கிட்டுப் பயறு பொறுக்குவேன், துணி தேய்ப்பேன். என்ன கெட்டுப்போச்சு? உன் கண்காட்சிக்கு நாங்க வந்தோமே, அவர் கோட்டெல்லாம் போட்டுக்கிட்டு. படத்துக்குப் பக்கத்துல நின்னு, வந்தவன் போனவன்கிட்ட எல்லாம் 'அந்தத் தையல் விட்ட இடம் இருக்குது பாருங்க, அது நான் தச்சது'ன்னாரு. நாலு வருஷத்துக்கு முந்தி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போறதுக்கு ஆள் வந்து நிக்கறாங்க, 'பத்தாயிடுச்சு அந்தூலா, படுதாவை இறக்கு'ங்கறாரு மனுஷன். அதுதான் அவர் கடைசியா அந்த வீட்டுல பேசினது."

எவந்தியா எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். 'நான் வரைய நினைச்சது படுதாவை இல்லை, உங்களை' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பழைய படுதா போனதும் அந்த மஞ்சள் அறை அவருடையது. எழுபது வயதில் இன்னொரு சந்தர்ப்பம் எங்கே வரப்போகிறது? ஆனால் சொல்லிவிட்டால், அந்தப் பெண் இருட்டில் உட்கார்ந்த முப்பத்தைந்து வருஷம் என்ன ஆவது? அந்த மனுஷர் தைத்த தையல் என்ன ஆவது? பொய்யாக ஒரு சாயம் வைக்காத கை.

"கிரீயா அந்தூலா," என்றார் ஒருவழியாக. "இந்த ஊர்ல என்னை நாலு பேருக்குத் தெரியுதுன்னா அது உங்க படுதாவாலதான்." அதில் பொய் ஒன்றும் இல்லை.

அந்தூலா அழுதுவிட்டுச் சிரித்தார். "புதுசு செப்டம்பர்லதான் வருமாம். அதுவரைக்கும் நீ என்னத்தை வரைவே, என் கண்ணே?"

"எதையாவது வரையறேன். நீங்க கவலைப்படாதீங்க."

"கவலைப்படாம எப்படி?" என்று முணுமுணுத்துக்கொண்டே கிழவி படியிறங்கினார்.

அன்று சாயங்காலம் டீச்சர் பெட்டிக்கடை முன்னால் போய் நின்று மெனெலாஸை ஏற இறங்கப் பார்த்தார். "உன் வாயை முப்பத்தஞ்சு வருஷத்துக்கு முந்தியே எவனாவது தைச்சிருக்கணும்."

"எதுக்கு டீச்சர்? நான் என்ன செஞ்சேன்?"

"ஒண்ணுமில்லே. ஒரு தீப்பெட்டி குடு."

வியாழக்கிழமை காலை ஏழரைக்கே ஆட்கள் வந்துவிட்டார்கள். டிரில் மெஷின் சத்தத்தில் தெருவே அதிர்ந்தது. ஒன்பதரைக்கு அந்த ஆரஞ்சுப் படுதா கழன்று, மடிந்து, கயிற்றில் இறங்கிப் போயிற்று. பத்து மணிக்கு அந்த அறைக்குள் வெயில் நுழைந்தது.

சுவர் இன்னும் மஞ்சளாகவே இருந்தது. இத்தனை வருஷம் காலை வெயில் படாததால் துளிகூட வெளுக்கவில்லை. ஆணியில் ஒரு டிரைவர் தொப்பி தொங்கியது. மேஜைமேல் விரிப்பில்லை, தட்டில்லை, வெறும் வெளிச்சம். எவந்தியாவுக்குக் கண் நிறைந்து எல்லாம் கலங்கிற்று. புறங்கையால் துடைத்துக்கொண்டு, கரித்துண்டை எடுத்து ஒரு கோடு போட்டார். இன்னொன்று போட்டார். மூன்றாவது கோடு போடும்போது அந்தூலா உள்ளேயிருந்து வந்தார். இரண்டு கையாலும் தூக்க முடியாமல் ஒரு கனத்த சிவப்புக் கம்பளி விரிப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். கல்யாணச் சீராக வந்தது, ஜூன் மாத வெயிலில் பெட்டியிலிருந்து வெளியே வந்திருந்தது. நாற்காலிமேல் ஏறி, பால்கனிக் கொடியில் அதைக் குறுக்கே போட்டு, ஒவ்வொரு கிளிப்பாகக் குத்திக்கொண்டே போனார். தொப்பி மறைந்தது. மேஜை மறைந்தது. கடைசியில் மஞ்சளும் மறைந்து, எதிரே ஒரே சிவப்பாக நின்றது.

விரிப்பின் ஓரத்திலிருந்து அந்தூலாவின் தலை நீண்டது. வியர்த்து வழியும் முகம், அத்தனை பல்லும் தெரியும் சிரிப்பு. ஏதோ கத்தினார். டிரில் மெஷினில் ஒன்றும் கேட்கவில்லை. 'சரியா இருக்கா?' என்று கைகளை விரித்தார்.

எவந்தியா நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்தார். நிமிர்ந்தபோதும் அந்தூலா கையை விரித்தபடியே நின்றிருந்தார். எவந்தியா கரியைக் கீழே வைத்துவிட்டுக் கம்பியோரமாக வந்தார். விரித்த உள்ளங்கையை ஒருவர் முகத்துக்கு நேராகக் காட்டினால் எங்களிடையே அதைவிடப் பெரிய வசை கிடையாது. அதனால் உள்ளங்கையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் அகட்டி, ஒரு சாண் காட்டினார். பிறகு, வலது ஓரத்தில் அவ்வளவு மஞ்சள் மட்டும் தெரியும்படி விரிப்பை இடப்பக்கமாகத் தள்ளச் சொல்லிக் கையை அசைத்தார். அந்தூலாவுக்கு முதலில் விளங்கவில்லை. மறுபடி சாண் காட்டினார், மறுபடி அசைத்தார், விரிப்பு நகர்கிற வரைக்கும் அந்தக் கையை இறக்கவே இல்லை.