எரியாத படகு

திரைப்படக் கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்கு ஆய்வுக் கட்டுரை எழுத உதவுவது அவள் வேலை. மாடிப்படிக்கு அடியில் ஜன்னலில்லாத ஓர் அறை, ஆடுகிற மேசை. வளவள வரிகளை ஈவிரக்கமின்றி வெட்டுவதால் பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் 'கத்திரி'. "இப்படம் சமுதாயத்தின் கண்ணாடி" என்ற வரியை வருஷக்கணக்காக வெட்டி வெட்டி, வீட்டுக் கண்ணாடியைப் பார்த்தாலே அவளுக்குக் குமட்டியது.

அன்று ஒருவன் படகோட்டி ஒருவனைப் பற்றிய பழைய படத்துக்கு எழுதிய கட்டுரையோடு வந்தான். கடைசிக் காட்சியில் படகு தீப்பற்றி எரிய, கேமரா வானத்துக்கு எழும்புவதை ஒரு பக்கம் முழுக்க வர்ணித்திருந்தான். ஓரத்தில் துறைத் தலைவரின் கையெழுத்தில் 'அபாரம்!'

அந்தப் படத்தில் படகு எரியவே இல்லை. படகோட்டியின் மனைவி வீட்டுக் கதவைச் சாத்துவதோடு படம் முடிந்துவிடும்.

"தம்பி, நீ படம் பாத்தியா?"

"இல்ல மேடம். நெட்ல கெடச்சுது, எடுத்துக்கிட்டேன்."

முகத்தில் பெயருக்குக்கூடக் கூச்சமில்லை. கட்டுரையைத் தூக்கிக்கொண்டு அவள் தலைவரிடம் போனாள்.

"சார், இதுல படகு எங்க எரியுது?"

"எரிஞ்சா என்ன, எரியலேன்னா என்னம்மா? நடை நல்லாருக்கில்ல?"

"நீங்க பாத்தீங்களா சார்?"

"எனக்கு ஏது நேரம்? நீ எழுத்துப்பிழைய மட்டும் பாரு, போதும்."

வேலியே பயிரை மேய்கிறது. படியிறங்கித் தன் அறைக்கு வந்தாள். பையனின் போனைப் பிடுங்கி வைத்துவிட்டுப் படத்தைப் போட்டாள். முதலில் கொட்டாவி விட்டான், நெளிந்தான். முடிகிறபோது நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான்.

"அந்தம்மா கதவச் சாத்துறப்ப கேமரா வெளியவே நின்னுடுது மேடம். நம்மள உள்ள விடவே இல்ல."

"இதத்தான்டா எழுதணும். எழுது."

எழுதினான். அதில் ஒரு வரியைக்கூட அவள் வெட்டவில்லை.

அடுத்த வாரம் அதே கட்டுரையோடு வந்து நின்றான். 'ஆழம் போதாது' என்று தலைவர் மதிப்பெண்ணைப் பாதியாக்கியிருந்தார்.

"திருத்திக் குடுக்கச் சொல்றாரு. பழசையே குடுத்துடட்டுமா மேடம்?"

பிழைக்கத் தெரிந்த பிள்ளை.

"குடு. ஆனா இங்க கொண்டு வராத."

பருவம் முடிந்ததும் வேலையை உதறினாள். இப்போது துணி துவைக்கும் இயந்திரங்களுக்கு விளக்கக் குறிப்பு எழுதுகிறாள். குழாயைத் திறக்கவும் என்று எழுதுமுன் திறந்து பார்த்துக்கொள்கிறாள். அக்கா சினிமாவுக்குக் கூப்பிட்டால் மட்டும், "வயித்தப் பொரட்டுது, நீ போயிட்டு வா" என்று திரும்பிப் படுத்துக்கொள்கிறாள்.