டாப்ஸ்காட் பாதிரியாரின் கடல் சாமந்தி

"இவளை உன் மனைவியாக ஏற்றுக்கொள்கிறாயா?" என்று கேட்டுவிட்டு, மாப்பிள்ளை வாயைத் திறப்பதற்குள் பாதிரியார் பர்னபஸ் டாப்ஸ்காட் கோயிலின் வடக்கு ஜன்னல் வழியாகக் கடலை ஒரு பார்வை பார்த்துவிடுகிறார். கடல் ஏறிக்கொண்டிருந்தால் ஆபத்து. ஆதாம் ஏவாளில் தொடங்கி, நோவாவின் குடும்ப வாழ்க்கையை விரிவாக அலசி, மணப்பெண்ணின் தகப்பனார் குறட்டை விடும்வரை பிரசங்கம் நீளும். கடல் இறங்கிக்கொண்டிருந்தால் மாப்பிள்ளையின் சம்மதம் முதல் எழுத்திலேயே ஏற்றுக்கொள்ளப்படும். மோதிரம் விரலுக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதிரியார் கல்லறைத் தோட்டத்தைத் தாண்டியிருப்பார்.

கடல் மிக அதிகமாக வற்றுவது அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி. அதனால் எங்கள் மார்ஸ்கோம் ஊர்க்காரர்கள் பஞ்சாங்கத்தைப் புரட்டி அந்த நாட்களிலேயே கல்யாணத்தை வைத்துக்கொள்கிறார்கள். விருந்து ஆறுவதில்லை. டெவன் கரையோரத்தில், ஏன், மகாராணியின் ராஜ்யம் முழுவதிலுமே, சந்திரனைப் பார்த்து முகூர்த்தம் குறிக்கும் கிறிஸ்தவர்கள் நாங்கள் மட்டுமாகத்தான் இருப்போம்.

அவர் வருவதைக் கண்ணால் பார்ப்பதற்கு முன் காதால் கேட்கலாம். கறுப்பு அங்கியின் உட்புறம் வரிசையாகப் பைகள், பைகளில் குப்பிகள், ஒரு குப்பி இன்னொன்றோடு இடித்துக் கிணுகிணுக்கும். நோயாளிகளைப் பார்த்து ஜெபம் செய்ய அவர் மாடிப்படி ஏறும்போது, படுக்கையில் கிடப்பவர்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பிராந்தி வருகிறது என்று நம்பி எழுந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். அவருடைய ஜெபத்தால் குணமானவர்கள் என்று ஊரில் சொல்லப்படுவோரில் பாதிப்பேர் இந்த வகை. உள்ளே இருப்பது நண்டு என்று தெரிந்தபின் சிலர் மறுபடியும் படுத்துக்கொள்வதுண்டு.

ஐம்பதைத் தாண்டிய மனிதர். ஆனால் நாற்காலிக்கும் அவருக்கும் ஏதோ பூர்வஜென்மப் பகை. பேசும்போது கால் தாளம் போடும். கேட்கும்போது விரல்கள் மேஜைவிரிப்பின் ஓரத்தைப் பிரித்துக்கொண்டிருக்கும். பிஷப்பே ஒருமுறை வந்து, திருச்சபையின் எதிர்காலம் குறித்து அவரிடம் கவலையோடு பேசிக்கொண்டிருந்தார். "ஆமாங்க ஆண்டவரே, ரொம்பச் சரிங்க ஆண்டவரே" என்று சொல்லியபடியே பாதிரியார் பிஷப்பின் காலணியில் ஒட்டியிருந்த கடற்பாசியைக் குனிந்து எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். தமக்குச் செய்யப்பட்ட அந்த வணக்கத்தைப் பிஷப் வெகுநாள் மெச்சிக்கொண்டிருந்தார்.

ஞானஸ்நானத் தொட்டி விவகாரம் ஊருக்கே தெரியும். வீட்டில் பாத்திரம் தீர்ந்துபோன ஒரு சனிக்கிழமை, காலிச் சங்குக்குள் குடியிருக்கும் துறவி நண்டுகள் இரண்டை அதில் தங்கவைத்தார். மறுநாள் ரொட்டிக்கடைக்காரரின் மகள் குழந்தையோடு வந்து நின்றாள். தண்ணீர் நெற்றியிலிருந்து வழிந்து உதட்டைத் தொட்டதும் குழந்தை ஊரைக் கூட்டியது. தாய் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"ஐயா, உப்புக் கரிக்குதே!"

"யோர்தான் நதி மட்டும் என்ன, சர்க்கரைத் தண்ணியாம்மா?"

"ஐயோ, உள்ள ஏதோ நடக்குதுங்க ஐயா!"

"நடக்கட்டும். நீ குழந்தையை நேராப் பிடி."

அந்தக் குழந்தை இப்போது வாட்டசாட்டமாக வளர்ந்து வருகிறது. அது கடலோடியாகப் போகும் என்று ஊரார் முடிவு கட்டிவிட்டார்கள்.

வீட்டில் பாத்திரம் தீர்ந்துபோனது எப்படி என்பதை அவருடைய மனைவி டார்க்கஸைக் கேட்டால் மூச்சு விடாமல் சொல்வார். புட்டிங் கிண்ணத்தில் நட்சத்திர மீன். பாலாடை காய்ச்சும் சட்டியில் முள்ளெலிபோல் உருண்டுகொண்டு ஏதோ ஒன்று. கல்யாணத்துக்கு அம்மா வீட்டில் கொடுத்த சூப்புக் கிண்ணத்தில் சிவப்புக் கடல் சாமந்திகள். "கடல் சாமந்தி"யில் பூவின் அழகுதான் இருக்கிறது, பூவின் சாதுத்தனம் இல்லை. இதழ்போல் விரிந்திருப்பவை கைகள். நடுவில் இருப்பது வாய். விருந்தினர்கள் கடுகு ஜாடியில் தேநீர் குடிக்கிறார்கள். "என்னங்க, ஒரே ஒரு கிண்ணம் திருப்பித் தாங்க. ஞாயித்துக்கிழமையாவது சூப்பைச் சூப்பு மாதிரி குடிக்கலாம்" என்று டார்க்கஸ் கெஞ்சுவார். அவர் ஒவ்வொரு முறையும் சொல்லும் பதில் ஒன்றுதான்:

"என் பேரு அச்சுல வரட்டும் டார்க்கஸ். அன்னிக்கே எல்லாத்தையும் கடல்ல கொண்டுபோய் விட்டுடறேன். அப்புறம் நான் உண்டு, ரோஜாச் செடி உண்டு."

இந்தப் பெயர் வியாதியைக் கொஞ்சம் விளக்கவேண்டும். புதிய உயிர் ஒன்றைக் கண்டுபிடிப்பவர் அதற்கு லத்தீனில் பெயர் சூட்டலாம். தம் மாமியார் பெயரை வைக்கலாம், மகாராணியின் பெயரை வைக்கலாம், கடன் கொடுத்தவர் பெயரைக்கூட வைக்கலாம். தம் பெயரை மட்டும் வைக்கக்கூடாது. அது கனவான்கள் செய்யும் காரியம் அல்ல. எனவே கனவான்கள், முறைவைத்து ஒருவர் முதுகை ஒருவர் சொறிந்துகொள்வதுபோல், ஒருவர் பெயரை இன்னொருவர் கண்டுபிடித்த புழுவுக்கு வைத்துக்கொள்கிறார்கள். டாப்ஸ்காட்டும் இங்கிலாந்தின் எல்லா மூலைகளிலும் உள்ள கனவான்களை நத்தைகளாகவும் பாசிகளாகவும் சிரஞ்சீவி ஆக்கியிருக்கிறார். நன்றி தெரிவித்துப் பதில்கள் வந்தன. "டாப்ஸ்காட்டி" என்று முடியும் பெயர் மட்டும் எங்கிருந்தும் வரவில்லை.

உள்ளூரிலேயே ஒருவர் இருந்தார், சொறிந்துவிடக்கூடியவர். டாக்டர் ஹன்னஃபோர்ட். அவருக்கும் இதே வியாதி. வைத்தியருக்கு வைத்தியம் பார்க்க ஆள் இல்லை. ஆனால் இருவரும் பேசிக்கொள்வதில்லை. காரணம் ஒரு புழு. பாறைப் பள்ளம் ஒன்றில் பச்சை நிறத்தில் நீளமான கடற்புழு ஒன்றைக் கண்டு, ஒரு பக்கத்திலிருந்து பாதிரியாரும் மறுபக்கத்திலிருந்து டாக்டரும் ஒரே சமயத்தில் பிடித்தார்கள். இருவருமே விட்டுக்கொடுக்கவில்லை; புழு விட்டுக்கொடுத்தது. தலைப் பாதி டாக்டருக்கு, வால் பாதி பாதிரியாருக்கு. இருவரும் தத்தம் பாதியைச் சாராயத்தில் ஊறவைத்து லண்டனுக்கு அனுப்பினார்கள். அங்கிருந்த நிபுணர் ஆழ்ந்து ஆராய்ந்து, இரண்டும் வெவ்வேறு குடும்பத்தைச் சேர்ந்த வெவ்வேறு பிராணிகள், ஒன்றுக்கொன்று உறவே கிடையாது என்று தீர்ப்பளித்தார். புழுவின் தலையும் வாலும் இன்றும் தனித்தனி அலமாரிகளில், அறிமுகமில்லாதவர்கள்போல் இருக்கின்றன. டாக்டரும் பாதிரியாரும் அவ்வாறே இருந்தார்கள், இந்த வசந்தகாலம்வரை.

வசந்தகாலப் பௌர்ணமியன்று, வழக்கமாகத் தண்ணீருக்கடியிலேயே இருக்கும் ஒரு பாறை இடுக்கில், தலைகீழாகத் தொங்கியபடி, பாதிரியார் அதைக் கண்டார். எலுமிச்சம்பழத்தின் மஞ்சள். ஒவ்வொரு கையின் நுனியிலும் நீலப்பொட்டு. எந்தப் புத்தகத்திலும் இல்லாத கடல் சாமந்தி! அதைப் பாறையோடு பெயர்த்து மடியில் கட்டிக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில், பிரசங்க மேடையில் யாரும் கேட்டிராத உருக்கத்தோடு ஆண்டவருக்கு நன்றி சொல்லிக்கொண்டே கரையேறினார்.

டார்க்கஸ்தான் தூது போனார். தெளிவான பேரம்: சாமந்திக்கு டாப்ஸ்காட்டி என்று பெயர் வைத்து டாக்டர் விவரம் எழுதவேண்டும்; பதிலுக்கு, பாதிரியாரிடம் பெயரில்லாமல் காத்திருக்கும் கடல் வெள்ளரி என்ற பிராணி ஹன்னஃபோர்டி ஆகும். டாக்டர் தாடையைத் தடவினார்.

"வால்காரர் கூப்பிடறாரா? வர்றேம்மா. ஆனா கண்ணால பாத்துத்தான் எழுதுவேன். அந்த ஆளு சொன்னதை நம்பி நான் கடிகார முள்ளைக்கூடத் திருப்ப மாட்டேன்."

வியாழக்கிழமை மாலைத் தேநீருக்கு நாள் குறித்தார்கள். சாமந்திக்கு வெளிச்சம் ஆகாது என்று பாதிரியார் அதை மீன் சமைக்கும் நீளத் தட்டில் கடல்நீர் ஊற்றி வைத்து ஈரத்துணியால் மூடினார். டாக்டர் வரும்வரை யாரும் தொடக்கூடாது என்று கட்டளை போட்டுவிட்டு, மறுபடியும் கடலுக்கு ஓடினார். திங்கட்கிழமை கையில் ஒரு சாம்பல் நிறக் கடல் நத்தையோடு திரும்பினார். ஓடில்லாத வகை, முதுகெல்லாம் கம்பளிபோல் மயிர் மயிராகத் தொங்கும், எங்கள் கரையில் சாதாரணமாகக் கிடைப்பது. வைக்க இடம் தேடினார். கிண்ணம் இல்லை, சட்டி இல்லை, ஞானஸ்நானத் தொட்டியைக் கோயில் மணியடிக்கும் ஜெத்ரோ பூட்டி வைத்திருந்தார். திரும்பப் போவதற்குள் கடல் ஏறிவிடுமே என்ற பதற்றத்தில், ஈரத்துணியின் ஓரத்தைத் தூக்கி நத்தையை உள்ளே விட்டார். மறந்தும் போனார். இன்னொரு மனிதனாக இருந்தால் நத்தையைத் தூக்கி எறிந்திருப்பான். எதையும் எறியமுடியாதவர்களுக்கு மட்டுமே இப்படி நேரும்.

வியாழக்கிழமை டாக்டர் வந்தார். கடுகு ஜாடியில் தேநீர் குடித்தார். வண்ணப்பெட்டியைத் திறந்து, தூரிகையை நனைத்துக்கொண்டு, "ம், திறக்கட்டும் ஓய், கன்னிப்பெண் மாதிரி முக்காடு எதுக்கு?" என்றார்.

பாதிரியார் துணியை எடுத்தார்.

சாமந்தி இல்லை. அது ஒட்டியிருந்த பாறையில் கிழிந்த அடிப்பகுதி மட்டும், பிய்த்துத் தின்ற ரொட்டியின் ஓரம்போல் மீதி இருந்தது. பக்கத்தில் ஒரு கடல் நத்தை, நிறைந்த வயிற்றுக்காரர்களுக்கே உரிய சாவதானத்தோடு ஊர்ந்துகொண்டிருந்தது. அதன் முதுகுக் கம்பளி முழுவதும் எலுமிச்சம்பழ மஞ்சள். ஒவ்வொரு மயிரின் நுனியிலும் லேசான நீலம்.

"கர்த்தாவே!" என்று கத்தியவர் பாதிரியார் அல்ல, டாக்டர். "என்ன ஓய் இது! சாமந்தின்னு சொல்லிவிட்டு, இப்பிடி ஒரு நத்தையை ஒளிச்சு வச்சிருக்கீர்! மஞ்சள் நத்தை! நீல நுனி! ஐரோப்பாவுல எவன் பாத்திருக்கான்? சாமந்தி கிடக்கட்டும். உம்ம பேரு இதுக்குத்தான். இதுக்கேதான்!"

தூரிகை காகிதத்தில் பாய்ந்தது. பாதிரியார் துணியும் கையுமாக நின்றார். மூன்றே நாட்களுக்கு முன் தம் உள்ளங்கையில் இருந்தபோது அது என்ன நிறம் என்பது இந்த உலகத்தில் அவர் ஒருவருக்கே தெரியும். டார்க்கஸ் கணவரின் முகத்தைப் பார்த்துவிட்டு, முழங்கையைப் பிடித்து ஜன்னலோரமாக இழுத்துப்போனார்.

"என்னங்க, ஏதோ தப்பா இருக்குல்ல?"

"அது... சாப்பிட்டிருக்கு, டார்க்கஸ்."

"சாப்பிட்டா சாப்பிட்டுட்டுப் போகுது. ரெண்டும் நீங்க கொண்டாந்ததுதானே? பேரு வருதில்ல? வாயைத் திறக்காதீங்க. எனக்கு என் கிண்ணம் வேணும்."

"டாப்ஸ்காட்டிக்கு ரெண்டு 'ட்' போடட்டுமா, ஒண்ணு போதுமா?" என்று டாக்டர் தலையைத் தூக்காமல் கேட்டார்.

பாதிரியாரின் கை, சொல்லாமல் கொள்ளாமல் நீண்டு, மேஜைமேலிருந்த கடுகுக் கரண்டியை எடுத்தது. பாவத்துக்கு அஞ்சிய முகம் அல்ல அது. அந்த முகத்தைப் பிரசங்க மேடையில் பார்த்திருக்கிறோம். இது வேறு; புதிய பாறைப் பள்ளத்தை எட்டிப் பார்க்கும்போது வரும் முகம். நத்தையைக் கரண்டியில் ஏந்தி, ஜன்னல்மேடையிலிருந்த சூப்புக் கிண்ணத்தில், சிவப்புச் சாமந்திகளுக்கு நடுவே இறக்கினார்.

"ஓய்! என்ன பண்றீர்? நான் இன்னும் கொம்பு வரையல!"

"திங்கக்கிழமை போடும்போது சாம்பல் நிறம், டாக்டர். மஞ்சளைத் தின்னு மஞ்சளாயிருக்கு." கிண்ணத்தின்மேல் ஆவலோடு குனிந்தார். "செவப்பைத் தின்னா?"

டாக்டர் தூரிகையைக் கீழே வைத்தார். "செவந்துட்டா உம்ம பேரு போச்சே ஓய்."

டார்க்கஸ் தலையில் கை வைத்துக்கொண்டு கதவருகே உட்கார்ந்துவிட்டார். கிண்ணத்துக்குள் நத்தை, முன்பக்கத்தை உயர்த்தி, இப்படியும் அப்படியும் மோப்பம் பிடித்து, அருகிலிருந்த மிகப் பெரிய சிவப்புச் சாமந்தியை நோக்கித் திரும்பியது. பாதிரியார் தமது உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்து, அங்கியின் ஓரத்தால் அழுத்தித் துடைத்து, இத்தனை காலம் தம்மை வால்காரர் என்றே நினைவு வைத்திருந்த டாக்டரிடம் நீட்டினார்.