தொட்டிக்குள் விழுந்த தூக்குப்போசி

என் எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாவது வரைதான் படித்தேன். இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது.

போன வருஷம் ஆயுத பூஜை முடிந்த வாரம். முதலிபாளையம் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் கூட்டிப் பெருக்கி, டீ ஊற்றிக் கொடுக்கிற வேலை எனக்கு. அன்று காலையில் கழிவுத்தண்ணீர்த் தொட்டியைக் கழுவ மூடியைத் திறந்திருந்தார்கள். தண்ணீரை இறைத்துவிட்டார்கள், அடியில் சேறுதான். டீயோடு போனால் ஒரே அழுகின முட்டை நாற்றம். யார் சோற்றுப்பையில் கெட்ட முட்டை என்று கேட்டேன், சிரித்தார்கள். சற்று நேரத்தில் நாற்றம் தானாக நின்றுவிட்டது. நல்லதாகப் போயிற்று என்றுதான் நினைத்தேன்.

டம்ளரை எடுக்கத் திரும்பினேன். விளிம்பில் வைத்திருந்த, டீ கொண்டுபோகிற பித்தளைத் தூக்குப்போசி முழங்கை பட்டு உள்ளே விழுந்துவிட்டது. மாமியார் கொடுத்த போசி. அவர் காலமாகிப் பத்து வருஷம் ஆகிறது, ஆனாலும் அதைத் தொலைத்தால் கனவில் வந்து ஏசுவார்.

என் முகத்தைப் பார்த்துவிட்டு, திருநெல்வேலிக்கார ஃபிட்டர் ஏணியில் கால் வைத்தார். "இதுக்குப் போயி மொகத்த ஏன் தொங்கப் போடுதீய ஆச்சி, இப்பம் எடுத்துட்டு வந்துருதேன்."

எனக்கு ஒன்று தோன்றியது. என் அப்பா கிணறு வெட்டப் போகிறவர். இறங்குமுன் கயிற்றில் விளக்கைக் கட்டி உள்ளே விடுவார். அணையாமல் எரிந்தால்தான் இறங்குவார்.

"செத்த பொறு கண்ணு, கற்பூரம் கொளுத்தி உட்டுப் பாத்துக்கலாம்" என்று தீப்பெட்டியை எடுத்தேன்.

அப்போதுதான் எங்கள் பட்டறையில் வேலை செய்கிற ஒடிசாக்காரர் ஒருவர் ஓடி வந்தார். முன்பு குஜராத்தில் எண்ணெய்க் கிணற்றில் வேலை பார்த்தவர், வாயே திறக்காதவர். ஃபிட்டரைச் சட்டையோடு பிடித்து இழுத்தார். என் கையிலிருந்த தீப்பெட்டியையும் பிடுங்கிக்கொண்டு, எங்களைக் காற்று வரும் பக்கமாக விரட்டினார்.

நாற்றம்தான் போய்விட்டதே என்றேன்.

"நாத்தம் போகலை அம்மா. நம்ம மூக்கு போச்சு."

ஆபீசிலிருந்து வாயு பார்க்கும் மிஷினைக் கொண்டுவந்தார்கள். பூஜைக்குப் பொட்டு வைத்து, சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தது அங்கேயே இருந்திருக்கிறது. சந்தனம் காய்ந்த பொட்டோடு அதைக் கயிற்றில் இறக்கினார்கள். பாதி போகுமுன்பே கத்த ஆரம்பித்துவிட்டது.

அந்த வாயுவுக்கு ஹைட்ரஜன் சல்பைடு என்று பெயராம். அதிகமானால் மூக்கையே மரத்துப்போக வைத்துவிடுமாம். ஆளைக் கொல்லும் அளவு இருந்தாலும் விளக்கு எரிந்துகொண்டே இருக்குமாம். அதிகம் இருந்தால் தீப்பட்டு வெடிக்குமாம். கற்பூரம் எரிந்திருந்தால், 'எரியுது கண்ணு, எறங்கு' என்று நானே சொல்லியிருப்பேன்.

மறுநாள் யாரும் உள்ளே இறங்காமல், கிணற்றில் விழுந்த வாளியை எடுக்க என் வீட்டில் வைத்திருக்கும் பாதாளக்கரண்டியைக் கயிற்றில் விட்டுத் துழாவிப் போசியை எடுத்தார்கள். அந்த வாயு பட்டுக் கன்னங்கரேலென்று வந்தது. புளி போட்டுத் தேய்த்தும் போகவில்லை. ஃபிட்டர் அதைத் தொட்டிக் கம்பியில் மாட்டிவிட்டார். பக்கத்தில் இருக்கிற எச்சரிக்கைப் பலகையை யாரும் நின்று படிப்பதில்லை. போசியைப் பற்றிக் கேட்காதவர் இல்லை. ஃபிட்டரும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறார். மிஷினுக்கு இப்போதும் பொட்டு உண்டு, ஆனால் தொட்டி திறக்கும்போது அதுதான் முதலில் இறங்குகிறது.

அன்றிலிருந்து எனக்கு நன்றாகத் தெரியும் என்று நினைப்பதைத்தான் முதலில் இன்னொருவரிடம் கேட்டுக்கொள்கிறேன். அதனால், இந்த வாயுவைப் பற்றி நான் எழுதியதையும் விவரம் தெரிந்த யாரிடமாவது காட்டிச் சரிபார்த்துவிட்டே அச்சில் போடுங்கள்.